காலித் துப்பாக்கி

அந்த ரிவால்வர் இன்ஸ்பெக்டரின் இடுப்போடு ஒட்டிப் பிறந்தது என்றுதான் காவல் நிலையத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் வீடு மாறினார், மூக்குக் கண்ணாடியை மாற்றினார், தலைமுடி மொத்தமும் போய் மீசைக்கு மட்டும் மை பூசுகிற நிலைக்கு வந்தார். ரிவால்வர் மட்டும் மாறவில்லை. அதை வைத்து அவர் யாரையும் சுட்டதில்லை. காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைப்பார். புகார் கொடுக்க வந்தவர்கள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் அதை எடுத்துக் கைக்குட்டையால் துடைப்பார், சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது மாதிரி நிதானமாக. எதிரே நிற்பவர்களின் குரல் தானாக இறங்கிவிடும்.

"பார்த்தியா, இதான் சட்டம் ஒழுங்கு" என்பார் எழுத்தரிடம்.

வருடத்துக்கு ஒரு தடவை சுடுதளத்துக்குப் போய், அங்கே வைத்திருக்கிற துப்பாக்கியால் சுட்டுக் காட்ட வேண்டும். அவர் சுடுகிற தோட்டாக்கள் இலக்கு அட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் படும். ஆனால் மதிப்பெண் போடுகிறவர் முன்பு இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். பென்சிலால் அட்டையில் அழகாக ஓட்டை போடத் தெரிந்தவர். ஆகவே இன்ஸ்பெக்டர் குறி தப்பாதவர் என்றுதான் பதிவாகியிருந்தது. காலப்போக்கில் அவரும் அதை நம்பிவிட்டார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ரிவால்வர்களை எல்லாம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இனி எல்லோருக்கும் பிஸ்டல். அதற்குப் பயிற்சி உண்டு, தேர்வும் உண்டு.

இன்ஸ்பெக்டர் அன்று காலையிலேயே நிலையத்தில் கூட்டம் போட்டார்.

"ரிவால்வர்னா என்ன? ஒரு உருளை, அதுல ஆறு ஓட்டை. சுண்டினா திறக்கும். பார்த்தா தெரிஞ்சுடும், குண்டு இருக்கா இல்லையான்னு. ஒளிவு மறைவே கிடையாது. ஒரு குண்டு வெடிக்கலையா, இன்னொரு தடவை ட்ரிகரை இழு, அடுத்தது வந்து நிக்கும். பிஸ்டல் அப்படியா? கைப்பிடிக்குள்ள எதையோ சொருகணும், மேல எதையோ இழுக்கணும், பக்கத்துல எதையோ அமுக்கணும். அது துப்பாக்கியா, தையல் மெஷினா?"

"அதுல பதினஞ்சு குண்டு போடலாமாமே சார்?" என்றார் எழுத்தர்.

"பதினஞ்சு எதுக்குய்யா? ஆறுல அடிக்கத் தெரியாதவன் பதினஞ்சுல மட்டும் கிழிச்சுடுவானா?"

ஆறில் அடிக்கத் தெரியாதவர் யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஆறு குண்டு' என்று பெயர். தோட்டாவைச் சொல்லி வைத்த பெயரா, ஆளின் உடம்பைப் பார்த்து வைத்த பெயரா என்று கேட்டால், எதற்கு வம்பு, இரண்டுக்கும் பொருந்துகிறதே என்பார் எழுத்தர்.

வீட்டிலும் அவர் அதே பேச்சைப் பேசினார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் அவள் தொழில். தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த துணியைத்தான் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

"தையல் மெஷின்னா உங்களுக்கு அவ்வளவு கேவலமா போச்சா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இது தினம் ஓடுதுங்க. உங்க ரிவால்வர் என்னைக்கு ஓடியிருக்கு?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பயிற்சி ஊருக்கு வெளியே, மூன்று பக்கம் மண்மேடு போட்ட சுடுதளத்தில். முதல் நாள் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார். மரியாதை உள்ளவர்கள் அப்படித்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பறை வாசலில் வெயிலில் கறுத்த, வாயில் மிட்டாயைக் குதப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்றிருந்தாள். அவர் மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"ஏம்மா, பயிற்சியாளர் எப்ப வருவார்?"

"வந்தாச்சு சார். உங்களுக்காகத்தான் அரை மணி நேரமா நின்னுட்டிருக்கார்."

உள்ளே பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் வேலை ரிவால்வரை ஒப்படைப்பது. பயிற்சியாளர் வாங்கி, உருளையைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அசையவில்லை.

"சுண்டினா திறக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்களே சுண்டுங்க சார்."

அவர் சுண்டினார், குத்தினார், மேசை விளிம்பில் தட்டப் போனார். அவள் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகுதான் அது முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே இருந்த தோட்டாக்கள் பச்சை பூத்திருந்தன. இடுப்புப் பட்டையில் செருகியிருந்தவை தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"இது தோட்டாவா சார், குளத்துப் பாசியா?" என்றாள் அவள். அதோடு விட்டாளா? வகுப்பில் உள்ள எல்லோரிடமும் அதைக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னாள். இவருடைய கெட்ட நேரம், அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் அடக்க மாட்டாள்.

பிறகு பிஸ்டல். அதன் மேல்பாகத்தை ஸ்லைடு என்கிறார்கள். அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். இன்ஸ்பெக்டர் இழுத்தார். அது பாதி வழி வந்து, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே போய்விட்டது. பக்கத்தில் இரண்டு பெண் காவலர்கள் பேசிக்கொண்டே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்பிரிங் புதுசு. இறுக்கமா இருக்கு" என்றார் அவர்.

"எல்லாம் ஒரே ஸ்பிரிங்தான் சார். இழுக்காதீங்க, தள்ளுங்க. இடது கையால மேல பிடிச்சுக்கிட்டு, வலது கையால துப்பாக்கியை முன்னாடி தள்ளுங்க. தள்ளுறது உங்களுக்குப் பழக்கம்தானே?"

தள்ளினார். ஏறியது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சுடும்போதுதான் வினை வந்தது. ரிவால்வரைப் பிடிக்கும்போது இடது கட்டைவிரலை வலது கைக்குப் பின்னால் குறுக்கே போட்டுக்கொள்வது அவர் பழக்கம். ரிவால்வர் அதைக் கண்டுகொள்ளாது. பிஸ்டலிலோ ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஸ்லைடு கத்தி மாதிரி பின்னால் பாயும். பயிற்சியாளர் அதைச் சொல்லத்தான் செய்தாள். எத்தனையோ வருடமாகச் சுடுகிறவனுக்கு இவள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாளா என்று அவர் காதில் வாங்கவில்லை. முதல் தோட்டா போன இடம் தெரியவில்லை. "ஐயோ அம்மா!" என்ற சத்தம் மட்டும் மூன்று மண்மேட்டிலும் எதிரொலித்தது.

கட்டைவிரலில் பெரிய கட்டோடு நிலையத்துக்கு வந்தார். "என்ன சார் ஆச்சு?" என்று எழுத்தர் பதறினார். துப்பாக்கி கடித்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"வர்ற வழியில ஒரு திருட்டுப் பய. கத்தியைக் காட்டினான். பிடிக்கப் போனேன், கையில கீறிட்டு ஓடிட்டான்."

"போலீஸ்காரரையே கத்தியால வெட்டியிருக்கான்! வழக்குப் போட்டுடலாம் சார்."

"வேண்டாம்யா. பாவம், ஏழை. விட்டுத் தொலை."

எழுத்தர் விடவில்லை. அவருக்கு இன்ஸ்பெக்டர் மீது உண்மையான பிரியம் உண்டு. ஆள் எப்படி இருந்தான் என்று துருவித் துருவிக் கேட்டார். இன்ஸ்பெக்டரும் வாயில் வந்ததைச் சொன்னார்: ஒல்லி, கோடு போட்ட சட்டை, நெற்றியில் தழும்பு. சாயங்காலம் அந்த அடையாளம் பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் போய்விட்டது. மறுநாள் ஒரு நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது: "சார், உங்க ஆளைப் பிடிச்சுட்டோம்!"

போய்ப் பார்த்தார். ஒல்லியாக, கோடு போட்ட சட்டையில், நெற்றித் தழும்போடு ஒரு வண்ணம் பூசுகிற தொழிலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அந்த நிலையத்துக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். கத்தியை எங்கே போட்டேன் என்று கூடச் சொல்லிவிட்டானாம்.

"இவன் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒத்துக்கிட்டானே சார்!"

"நான் சொல்றேன்ல, இவன் இல்லய்யா!"

அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவன் கப்பை வீங்காத கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து மெதுவாகக் குடித்தான். "ரொம்ப நன்றி சார், நீங்க தெய்வம்" என்று கும்பிட்டான். இன்ஸ்பெக்டர் தனக்கு வாங்கிய டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினார்.

அதற்கு அடுத்த வாரம் வகுப்பறைப் பாடம்: துப்பாக்கியைக் காலி செய்வது. வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு பழகினார்கள். பயிற்சியாளர் இன்ஸ்பெக்டரை முன்னால் கூப்பிட்டாள். அவர் கைப்பிடிக்குள் இருந்த மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, உருவி மேசையில் வைத்தார்.

"காலியா சார்?"

"காலி."

"நிச்சயமா?"

"அதான் பெட்டியையே எடுத்துட்டேனே. அப்புறம் எங்கேருந்து வரும்?"

"அறையைப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்தார். நான்கு சுவர், ஒரு கரும்பலகை, ஓடாத மின்விசிறி. சந்தேகத்துக்கு இடமான எதுவும் தென்படவில்லை. "அறையில ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பயிற்சியாளர் மிட்டாய் தொண்டையில் அடைத்து இருமினாள். பிறகு அவர் கையிலிருந்த பிஸ்டலின் ஸ்லைடை இழுத்துக் காட்டினாள். குழாயின் பின்புறம் தோட்டா உட்காருகிற சின்ன அறையிலிருந்து ஒன்று துள்ளி அவர் காலடியில் விழுந்தது.

"உங்க ரிவால்வரைத் திறந்தா ஆறும் கண்ணுக்குத் தெரியும். இது அப்படி இல்ல. பெட்டியை எடுத்தாலும் ஒண்ணு மட்டும் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். முதல்ல பெட்டி, அப்புறம் ஸ்லைடு, அப்புறம் கண்ணால பாருங்க, விரலை விட்டும் பாருங்க. காலித் துப்பாக்கின்னு நம்பினவங்கதான் அதிகமா சுட்டிருக்காங்க. அதுவும் தன் கால்லயே."

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்த தோட்டாவைப் பார்த்தார். இது நிஜத் தோட்டாவாக இருந்து, தான் வழக்கம்போல எதிரே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு துடைத்திருந்தால்? அன்றிலிருந்து அவர் பிஸ்டலைத் தொடும்போதெல்லாம் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. மெல்ல மெல்ல, விசை லேசாக இருக்கிறது, தட்டையாக இருப்பதால் தொப்பையைக் குத்தவில்லை என்றெல்லாம் அதன் நல்ல குணங்களும் தெரிய ஆரம்பித்தன. தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினார். இந்த முறை அட்டையில் இருந்த ஓட்டைகள் தோட்டா போட்டவை.

பயிற்சி முடிந்த அன்று விழா. துணை கமிஷனர் வந்து பிஸ்டல்களை வழங்கி, முதல் தோட்டாவைச் சுட்டு, சிறப்புரை ஆற்றுவார் என்று ஏற்பாடு. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, துறையின் புகைப்படக்காரர், எல்லாம் தயார். துணை கமிஷனர் வந்த கார் பந்தலுக்குப் பின்னால் நிழலில் நின்றது. ஓட்டுநர் முன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணசந்துவிட்டார்.

துணை கமிஷனர் மேசையில் இருந்த பிஸ்டலை எடுத்தார். மேகசின் நிறைய நிஜத் தோட்டா இருந்தது, அவர் சுடுவதற்காக. இலக்கைப் பார்த்துச் சுடுவதற்குப் பதிலாக, பயிற்சியாளரைத் தாண்டி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஒலிபெருக்கி கிடைத்தால் அவருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

"பிஸ்டலைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது. எனக்கெல்லாம் வெளிநாட்டிலேயே இதில் பயிற்சி கொடுத்தார்கள்." அது ஒரு கருத்தரங்கு; துப்பாக்கியைத் திரையில்தான் காட்டினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. "இப்படி இழுக்க வேண்டும்." புகைப்படக்காரருக்காக ஸ்லைடை இழுத்து விட்டார். தோட்டா ஏறியது. "வேண்டாம் என்றால் இப்படி எடுத்துவிட வேண்டும்." மேகசினை உருவி உயர்த்திக் காட்டினார். "அவ்வளவுதான். இனி இது வெறும் இரும்பு."

"சார், அறையில..." என்று பயிற்சியாளர் வாயைத் திறந்தாள்.

துணை கமிஷனர் பேச்சின் நடுவில் யாரும் குறுக்கிடுவதை விரும்பமாட்டார். இடது கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். வலது கையால் விசையை இழுத்துக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் நாற்காலிக்கு அடியில் போயிருந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக மடங்கியதை அதற்கு முன்போ பின்போ யாரும் பார்த்ததில்லை. தோட்டா பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு போய், காரின் பின்கதவைத் துளைத்து, துணை கமிஷனர் வழக்கமாக உட்காருகிற இருக்கையில் இறங்கியது. பிறகு காரின் முன்கதவு மெல்லத் திறந்தது. ஓட்டுநர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"சார், தூங்கினது தப்புதான் சார். இனிமே தூங்க மாட்டேன் சார்" என்று கதறினார்.

மறுநாள் துணை கமிஷனர் இன்ஸ்பெக்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். குளிரூட்டிய அறை. "உட்காருய்யா" என்றார். இத்தனை வருட வேலையில் ஓர் உயர் அதிகாரி அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீ ஆரம்பத்துலேருந்தே பிஸ்டல் வேண்டாம், ரிவால்வர்தான் நல்லதுன்னு சொல்லிட்டிருந்தியாமே? உன் பேச்சைக் கேட்டிருக்கணும்யா."

"அது... ஏதோ எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன் சார்."

"சரியாத்தான் சொல்லியிருக்க. நேத்து என்ன நடந்துச்சு? நான் துப்பாக்கியை மேசையில வச்சேன். அது தானா வெடிச்சுடுச்சு. ஆயுதத்துலயே கோளாறு. அந்தப் பொண்ணு ஒழுங்கா சோதிக்காம கொண்டுவந்து வச்சிருக்கு. தலைமையகத்துலேருந்து விசாரணைக்கு ஆள் வர்றார். நீதான் முன்வரிசையில இருந்த. வாக்குமூலத்தை அடிச்சு வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். பிஸ்டல் எல்லாம் திரும்பிப் போயிடும், உன் ரிவால்வர் உன் கைக்கே வந்துடும். என்ன சொல்ற?"

"சரிங்க சார்" என்றது இன்ஸ்பெக்டரின் வாய். அதற்கு அப்படித்தான் பழக்கம்.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் பயிற்சியாளர் நின்றிருந்தாள். அன்று வாயில் மிட்டாய் இல்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா சார்?"

அவர் தலையை ஆட்டினார்.

"போட்டுடுங்க சார். மத்தவங்க எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர் போடலைன்னா உங்களையும் சேர்த்துத்தான் மிதிப்பாங்க. எனக்கு என்ன, தற்காலிகப் பணிநீக்கம், அப்புறம் எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. பார்த்துக்கலாம்." கடைசிச் சொல்லில் குரல் பிசிறியது. அதை மறைக்க, "கட்டைவிரல் ஆறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்க ரிவால்வர் திரும்ப வந்துடும்."

"வந்துடும்."

"நீங்க சொன்னதுதான் சரின்னும் ஆயிடும்."

"ஆமா."

"அப்புறம் ஏங்க இப்படி வாந்தி எடுக்கப் போறவர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"அந்தப் பெயின்ட் அடிக்கிறவன் இல்ல... அவன் கத்தியை எங்க போட்டேன்னு கூடச் சொன்னானாம்டி. இல்லாத கத்தியை" என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவள் வழக்கமில்லை என்பதால் அவருக்கு அது இன்னும் உறுத்தியது.

இருந்தாலும், விசாரணைக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டுவிடும் எண்ணத்தோடுதான் போனார். நெஞ்சை நிமிர்த்தி உண்மையைப் பேசுவதற்கென்று வேறு ஆட்கள் இருப்பார்கள், தனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

விசாரணை அதே வகுப்பறையில். விசாரணை அதிகாரி கழுத்துவரை பொத்தான் போட்ட, ஒழுங்குமுறையில் நம்பிக்கை உள்ள மனிதர். மேசையில் அந்தப் பிஸ்டல், சில போலித் தோட்டாக்கள், வாக்குமூலம். துணை கமிஷனர் சுவரோரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"'மேசையில் வைத்த உடனே தானாக வெடித்தது.' நீங்க பார்த்தீங்க?"

"ஆமா சார்."

"நல்லது. எப்படின்னு ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க. குறிப்புல எழுதணும்."

இன்ஸ்பெக்டர் போலித் தோட்டா ஏற்றிய பிஸ்டலை எடுத்து மேசையில் வைத்தார். பிஸ்டல் மேசையில் இருந்தது.

"ஒண்ணும் ஆகலையே" என்றார் அதிகாரி. "அன்னைக்கு இன்னும் கொஞ்சம் வேகமா வச்சிருப்பாரோ?"

வேகமாக வைத்தார். விசை அசையவே இல்லை.

"பக்கவாட்டுல வச்சுப் பாருங்க."

பக்கவாட்டில் வைத்தார். தலைகீழாக வைத்தார். துணை கமிஷனர் எழுந்து வந்து, "இன்னும் அழுத்தமா வைய்யா" என்று யோசனை சொன்னார். இன்ஸ்பெக்டர் தொம் தொம் என்று வைத்தார். மேசையின் ஒரு கால் ஆட ஆரம்பித்தது. கரும்பலகையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. மூன்று பெரிய மனிதர்கள் ஒரு துப்பாக்கியைச் சுற்றி நின்றுகொண்டு, அது தானாக வெடிக்காதா என்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது, கை வலித்தது. திடீரென்று தன் மீதே அவருக்கு ஒரு வெறுப்பு வந்தது.

"சார், இதை ராத்திரி பகல்னு வச்சுக்கிட்டே இருந்தாலும் வெடிக்காது. எப்படிப் பண்ணா வெடிக்கும்னு காட்டட்டுமா?"

அவரே ஸ்லைடை இழுத்தார். மேகசினை உருவினார். "இப்ப இது காலியா சார்?"

"காலிதான்" என்றார் விசாரணை அதிகாரி.

"உங்க காலைப் பார்த்து ட்ரிகரை இழுக்கட்டுமா?"

அதிகாரி சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பிஸ்டலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஸ்லைடை இழுத்தார். போலித் தோட்டா துள்ளி விழுந்து உருண்டு, துணை கமிஷனரின் பளபளப்பான காலணியில் முட்டி நின்றது.

"அன்னைக்கு சார் பண்ணது இதுதான். அந்தப் பொண்ணு சொல்ல வந்துச்சு. சார் பேசவிடல."

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார்.

"நான் இதைக் கேக்கலையே" என்றார் வருத்தத்தோடு. "எனக்குக் கொடுத்த கேள்வியில இது இல்ல."

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடவில்லை. போடாத வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஆயுதத்தில் கோளாறு என்று எழுதினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். துணை கமிஷனர் மேல் எழுதினால் இன்றைக்கே கேட்பார்கள். விசாரணை அதிகாரி ஒழுங்குமுறையில் நம்பிக்கை உள்ளவர் அல்லவா? பல நாள் யோசித்து அறிக்கை எழுதினார். துப்பாக்கியில் குறை இல்லை. துணை கமிஷனரிடமும் குறை இல்லை. பயிற்சியாளரிடம் குறை இருப்பதற்குச் சான்று இல்லை. சோதனையின்போது மேசையின் கால் ஆடியது நேரில் காணப்பட்டது. எனவே விபத்துக்குக் காரணம் மேசை.

மேசையைக் கைப்பற்றி, முத்திரை வைத்து, கிடங்கில் பூட்டினார்கள். உறுதியான மேசைகள் வாங்கும்வரை பிஸ்டல்களை யாருக்கும் வழங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ரிவால்வர்களை ஏற்கனவே உருக்க அனுப்பியாகிவிட்டது. ஆக, நிலையத்தில் இப்போது எழுத்தரிடம் ஒரு தடி இருக்கிறது. அதுவும் முனை பிளந்தது. துணை கமிஷனருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஓட்டுநர் அந்தக் காரை ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்கு மாறிக்கொண்டார். அதில் போகிறவர்கள் யாரும் பேச்சு கொடுப்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்கிறார்.

இன்ஸ்பெக்டருக்கும் தண்டனை இல்லாமல் இல்லை. விசாரணையின்போது அரசு மேசைக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்காக, பிடிபட்ட வாகனங்களைப் போட்டு வைக்கிற திடலுக்கு மாற்றினார்கள். துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்கள், கண்ணாடி உடைந்த கார்கள், நடுவில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி. காவல் காக்க ஆயுதம் தரவில்லை. யாரும் திருட வரமாட்டார்கள் என்று தலைமையகம் உறுதியாக நம்பியது.

"அங்க என்னங்க வேலை?" என்றாள் மனைவி.

"சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"அப்ப பதவி உயர்வுதான்" என்றாள் அவள். மறுநாள் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவர் தோளில் கை வைத்து ஒரு நொடி நின்றாள். அவள் அப்படிச் செய்து பல வருடம் ஆகியிருந்தது.

தான் செய்ததை யாராவது பாராட்டுவார்கள் என்று அவர் கொஞ்ச நாள் எதிர்பார்த்தார். யாரும் வரவில்லை. ஒரு மதியம், கொட்டகைக்குள் வெயில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அடித்தது. பயிற்சியாளர். பின்னணியில் படபடவென்று துப்பாக்கிச் சத்தம்; வேலையில்தான் இருக்கிறாள்.

"சார், கேக்கணும்னே இருந்தேன். எல்லாரும் போட்ட கையெழுத்தை நீங்க மட்டும் ஏன் சார் போடல?"

நீதி, மனசாட்சி என்றெல்லாம் சொல்ல நல்ல சொற்கள் அவருக்கும் தெரியும். அந்தப் பெயின்ட் அடிக்கிறவனைப் பற்றிச் சொல்லலாமா என்றும் ஒரு கணம் நினைத்தார். வெட்கமாக இருந்தது.

"மேசை மேல வச்சு வச்சு கை வலிச்சுடுச்சும்மா" என்றார்.

அவள் சிரித்தாள். வாயில் மிட்டாய் இருப்பது இந்தப் பக்கம் கேட்டது.